புல் திட்டுகளை நீக்கவும்

ரைட்டக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்தில் கண்டக்டராக நின்றவள். நின்றவள் என்றால் உங்களையும் என்னையும் போல நின்றவள் இல்லை; தரை ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் தான் மட்டும் நின்றவள். 'ரைட்' என்று ஒரு குரல் கொடுத்தால் அவள் பஸ் கிளம்பும். அடுத்த தெருவில் நிற்கிற பஸ்ஸும் துணைக்குக் கிளம்பும். ஒரு மழை நாளில் அவள் ஊதிய விசிலுக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியே நின்றுவிட்டதாம். எஞ்சின் டிரைவர் எட்டிப்பார்த்து, "யாராவது இறங்கணுமாம்மா?" என்று கேட்டாராம். டிப்போவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். டிப்போக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் வேகமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்துக்குள் படுத்துத் தூங்குகிறது. தெருவுக்கு அவள் ரைட்டக்கா.

வேலையை விட்ட மறுநாள் காலையில்தான் சங்கதி தெரிந்தது. கூடத்தில் நின்றாள், தரை ஆடியது. சமையலறைக்குப் போனாள், அங்கேயும் ஆடியது. தலைக்கு மேல் கம்பி இருக்கிற நினைப்பில் கையை உயர்த்திப் பிடிக்கப்போய், அலமாரியில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காது நல்லா இருக்கும்மா. இடுப்புதான் தேஞ்சுபோச்சு. இனிமே குனியவே கூடாது" என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பினார்.

ஆட்டம் நின்றது வாசலில்தான். வீட்டுக்கு முன்னால் இருபதடிக்குப் பதினைந்தடியில் ஒரு புல்தரை. ஒருநாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் நடுவில் நின்றாள். காலுக்குக் கீழே எதுவும் ஓடவில்லை. எந்தத் திருப்பமும் வரவில்லை. பின்னாலிருந்து யாரும் இடிக்கவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே வந்து கணவரிடம் சொன்னாள்: "என்னங்க, நான் இறங்கிட்டேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கே கால் மணி நேரம். அது இல்லாத நாளில் அவளுக்கு வீடு மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

ஆனால் அந்தப் புல்தரை ஊருக்குக் காட்டுகிற அழகில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தபால்காரர் குறுக்கே நடந்த தடம், பூனை புரண்ட இடம், யாரோ ஒரு மாசம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்து எண்ணெய் சொட்டிய மூலை என்று ஏழு இடத்தில் மண் கெட்டித்துப்போய் வழுக்கை விழுந்திருந்தது. ரைட்டக்கா ஏழுக்கும் பஸ் நிறுத்தங்களின் பெயர் வைத்திருந்தாள். "மார்க்கெட்ல இன்னும் ரெண்டு அங்குலம் கொட்டியிருக்கு. ஆஸ்பத்திரி பரவாயில்லை" என்பாள்.

அந்த வரிசையில் பதினாலு வீடு. பதிமூன்று வீட்டு வாசலிலும் சாம்பல் நிறக் கல் பதித்தாயிற்று. பதினாலாவதையும் பதித்துவிட்டால்தான் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு ராத்திரி சாப்பாடு இறங்கும். தலைவர் நல்ல மனிதர்தான். ஒன்று போல் இன்னொன்று இல்லாவிட்டால் அவருக்கு உடம்பு அரிக்கும், அதுதான் வியாதி. ஆள் மகா ஒல்லி. பலமாகக் காற்றடிக்கிற நாளில் அவர் வீட்டம்மா அவர் சட்டைப்பையில் சாவிக்கொத்தைப் போட்டு அனுப்புவதாகப் பேச்சு. தெருவில் அவர் முதுகுக்குப் பின்னால் 'புல்தடுக்கி' என்பார்கள். முதுகு எது, முகம் எது என்று பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது என்பதால் சில சமயம் முகத்துக்கு நேராகவே சொல்லித் தொலைத்துவிடுவதும் உண்டு.

அவரிடமிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் இல்லத்தின் முன்புறம் பார்வைக்கு ஒவ்வாத வகையில் காணப்படும் புல் திட்டுகளை முப்பது நாட்களுக்குள் முற்றிலும் நீக்கிவிட வேண்டும். தவறினால் சங்கமே அவ்விடத்தில் கல் பதிக்கும்.'

ரைட்டக்கா கடிதத்தைக் கணவர் மடியில் போட்டுவிட்டு நேரே சங்க அறைக்குப் போனாள்.

"என் வாசல்ல கல்லு வைக்கிறதுக்கு நீங்க யாரு சார்?"

"சங்கத்தோட விதி அப்படிம்மா. ஒண்ணு, பதிமூணு வீடு மாதிரி கல்லா இருக்கணும். இல்ல, முழுசாப் பச்சையா இருக்கணும். ரெண்டுங்கெட்டானா இருக்கக்கூடாது. உங்களோடது திட்டுத் திட்டா இருக்கு. நான் எண்ணிட்டேன், ஏழு."

"இப்ப நீங்க குடுத்த திட்டையும் சேர்த்தா எட்டு."

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா. முப்பதாம் நாள் காலைல ஆளோட வருவேன். பச்சையா இருந்துச்சுன்னா திரும்பிப் போயிடுவேன். இல்லைன்னா அன்னைக்கே வேலை ஆரம்பம்."

"வாங்க. பச்சையா இருக்கும். கண்ணு கூசுற அளவுக்கு இருக்கும். கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க."

வாயை விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணி, பேசாம கல்லைப் போட்டுடுங்களேன். கழுவி விட்டா பளிச்சுன்னு இருக்கும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு விவசாயம்?" என்றாள்.

"உன் வாசல் கல்லுல மத்தியானம் நின்னு பாரு. பாதம் அப்பளமாப் பொரிஞ்சுடும்" என்றாள் ரைட்டக்கா. அதோடு விட்டாளா? அடுத்த பத்து நாளும் அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பதிமூன்று வீட்டுக் கதவையும் தட்டினாள். சண்டையில் நேரம் போவது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பதினாறாம் நாள். அப்போதுதான் புல் சண்டையில் முளைக்காது என்று உறைத்து, ஊரின் மறுகோடியில் இருந்த விதைக்கடைக்குப் புறப்பட்டாள்.

இங்கேதான் அவள் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கடைப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் பேனாவை எடுத்து அதை எழுதிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்வார். அதனால் 'ஒற்று சார்'. ஒரு தடவை மருந்துக் கடைப் பலகையில் நாற்காலி போட்டு ஏறி 'க்' போட்டபோது கடைக்காரர் திருடன் என்று கத்தி, கூட்டம் கூடி, கடைசியில் கூட்டமே 'க்' வரத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அவருக்கு எழுதியிருப்பதுதான் உலகம். மனைவி சங்க அறையில் என்ன பேசினாள், தலைவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடிதத்தை மட்டும் பதினாறு நாளாக மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ரைட்டக்கா அந்தப் பக்கம் போனதும் அவர் எழுந்தார். பாவம், இடுப்பு முடியாதவள், ஒற்றை ஆளாக அல்லாடுகிறாளே என்று முதல்முறையாக மனசு இளகிவிட்டது. மண்வெட்டியை எடுத்தார். வாழ்க்கையில் பேனாவைவிடக் கனமான ஒன்றை அவர் தூக்கியது அன்றைக்குத்தான். கடிதத்தை இன்னொரு முறை படித்தார். 'புல் திட்டுகளை முற்றிலும் நீக்கிவிட வேண்டும்.'

நீக்கினார்.

சாயந்திரம் ரைட்டக்கா அரைக்கிலோ விதையோடு வந்து இறங்கியபோது, வாசலில் ஏழு வழுக்கை இல்லை. ஒரே வழுக்கை. இருபதடிக்குப் பதினைந்தடியும் வெறும் மண். பிடுங்கிய புல்லெல்லாம் வேலியோரம் குவியலாகக் கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் ஒற்று சார், நெற்றியெல்லாம் வியர்வையும் முகமெல்லாம் பெருமையுமாக நின்றார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"திட்டை எடுத்துட்டேன்."

"எந்தத் திட்டை?"

"புல் திட்டை. கடுதாசில அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஐயோ, மொட்டையா இருக்கிற இடத்தைத்தான் அந்த ஆளு திட்டுன்னு எழுதியிருக்காரு!"

"அப்படின்னா 'வெற்றுத் திட்டு'ன்னு எழுதியிருக்கணும். இல்லைன்னா 'மண் திட்டு'. 'புல் திட்டு'ன்னா புல்லு இருக்கிற இடம். நடுவுல தனித்தனியாத் தெரிஞ்சது புல்லுதான். நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன். தப்பு எழுதினவர் மேல."

ரைட்டக்கா விதைப் பையைக் கீழே வைத்தாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் மூன்றாவது வீட்டுக் குழாய் தானாகத் திறந்துகொண்டது என்பார்கள். கத்தி முடித்ததும், "இன்னையிலேருந்து நீங்க வாசப்படியைத் தாண்டக் கூடாது. மண்ணைத் தொடக் கூடாது. எட்டிக்கூடப் பாக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனார், "அண்ணனைக் குறை சொல்லாதீங்க அண்ணி. கல்லு பதிக்கத் தரையைத் தயார் பண்ணிக் குடுத்திருக்காரு, கூலிகூடக் கேக்கலை" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். ரைட்டக்காவுக்கு முதுகெலும்பில் மின்சாரம் ஏறியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மறுபடி விதைக்கடையில் நின்றாள்.

விதைக்கடைக்கார அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நேத்துத்தானேம்மா வாங்கிட்டுப் போனீங்க? சாப்பிட்டுட்டீங்களா?"

"இன்னொரு அரைக்கிலோ குடுங்க. தரை முழுக்கப் போடப்போறேன். பதிமூணு நாள் இருக்கு."

"பதிமூணு நாளா?" அந்த அம்மா விரலை மடக்கினார். "மண்ணைக் கிளற ரெண்டு மூணு நாள். முளைக்க எட்டு நாளும் ஆகும், பதினஞ்சும் ஆகும். அது இஷ்டம். நெருக்கித்தான் வரும்மா."

"நெருக்கிப் பழக்கம்தான். என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

அந்த அம்மா சொன்னார்: கெட்டித்த மண்ணை முள்கரண்டி மாதிரி இருக்கும் கம்பியால் குத்திப் பிளந்து பொலபொலவென்று ஆக்க வேண்டும். கல்லைப் பொறுக்கி, மேடு பள்ளம் இல்லாமல் வாரி விட வேண்டும். விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்குவாக்கில் தூவ வேண்டும். புதைத்தால் போச்சு, மேலாக ஒரு வாரல், அவ்வளவுதான். அப்புறம் பொடி நடையாக மிதித்து மண்ணோடு ஒட்டவைக்க வேண்டும். முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயவே கூடாது. ஆனால் தண்ணீர் பூத்தூறலாக விழ வேண்டும், ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிப்போய்ச் சங்கம் வைத்துவிடும்.

"சங்கம் வைக்காமப் பாத்துக்கறேன்" என்றாள் ரைட்டக்கா. "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

குனியக் கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் நீளப் பிடி வாங்கினாள். நிமிர்ந்தபடியே மண்ணைக் குத்தினாள். கல்லை வாரியால் இழுத்து முறத்தில் ஏற்றினாள். பழைய நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் உடைந்தன. மார்க்கெட்டுக்கு மட்டும் ஒரு முழுக் காலை பிடித்தது. அடுத்த இரண்டு நாள் மழை கொட்டி வேலையை நிறுத்தியது. ஜன்னல் வழியாக அவள் வானத்தைப் பார்த்த பார்வைக்கு, சில்லறை இல்லை என்று சொன்ன பயணிகள் எல்லாம் அந்தக் காலத்தில் தானாக இறங்கிப் போவார்கள். மழையும் இறங்கிப் போயிற்று. இருபத்தோராம் நாள் விதைத்தாள்.

தூவுகிற கலை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் பார்க்காமலே கட்டிலிருந்து ஒன்றே ஒன்றாக டிக்கெட் கிழித்த கட்டைவிரல் அது. அதே விரல் மணலும் விதையுமாகக் கலந்ததைச் சீராகத் தள்ளிக்கொண்டே போனது. ஓரிடத்தில் கூடவில்லை, ஓரிடத்தில் குறையவில்லை. மிதிக்கிற நடையும் அப்படித்தான். நெரிசலில் யார் காலையும் மிதிக்காமல் பின்கதவிலிருந்து முன்கதவுக்குப் போகிற நடை ஒன்று உண்டு: குதிகாலை விரல்நுனிக்கு ஒட்டிவைத்து, அரையடிக்கு அரையடி. அந்த நடையில் முந்நூறு சதுர அடியையும் ஒரு அங்குலம் விடாமல் நடந்து முடித்தாள்.

முடித்துவிட்டுப் படியில் ஏறியபோதுதான் புரிந்தது, இனி அங்கே நிற்கக்கூட முடியாது என்று. விதை இருக்கிற மண்ணில் கால் வைக்கக் கூடாது. வீடு மெதுவாகக் கிளம்பியது. கூடம் ஆடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ஒற்று சார் மட்டும் கவனித்துவிட்டு, அவள் நடக்கிற வழியிலிருந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தினார்.

சிட்டுக்குருவிகள் விருந்துக்கு வந்தன. அலமாரியிலிருந்து விசிலை எடுத்தாள். ஒரே ஊது. குருவிகள் பறந்து போய் வேலிமேல் வரிசையில் உட்கார்ந்தன. காது கேட்காத கிழட்டுப் புறா ஒன்றுதான் கடைசி வரை அடங்கவில்லை; அது எப்படியும் ஒரு கைப்பிடி விதை தின்றிருக்கும். காலை, மத்தியானம், சாயந்திரம் என்று பூவாளியில் தண்ணீர் தெளித்தாள். இருபத்தைந்தாம் நாள் மண். இருபத்தேழாம் நாளும் மண். இருபத்தொன்பதாம் நாள் படியில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். காபித்தூள் பரப்பின மாதிரி அதே மண்.

"ஒண்ணும் தெரியலையா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் கணவர். எட்டிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

"தெரியலை."

"வேணும்னா நான் போய்த் தலைவர்கிட்ட, தப்பு என்னோடதுன்னு..."

"நீங்க ஒண்ணும் போக வேண்டாம். தப்பு அந்த ஆளோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல நில்லுங்க. நாளைக்கு வரட்டும், ஒரு கை பாத்துடறேன்."

முப்பதாம் நாள் காலை கல் ஏற்றிய லாரி வந்து நின்றது. தலைவர் கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக வந்தார். கூடவே கல் பதிக்கிறவர், தோளில் நூல்கண்டோடு. பதிமூன்று வீட்டுக்காரர்களும் அவரவர் கல்லின் மேல் வந்து நின்றார்கள். ரைட்டக்கா வாசல் கேட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில், நடைபாதையின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தலைவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதாம்மா பச்சை?"

"ஆமா."

"மண்ணு தெரியுது."

"பச்சை மண்ணு."

"விளையாடாதீங்க. ஏழு இடம் மொட்டையா இருந்துச்சு, இப்ப மொத்தமும் மொட்டை."

"நீங்க எழுதினதைத்தான் செஞ்சிருக்கோம். புல் திட்டுகளை முற்றிலும் நீக்கியாச்சு. கடுதாசி இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லவா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கு மூக்கு சிவந்தது. "பச்சையா இருந்தா திரும்பிப் போறேன்னு சொன்னேன். இல்லை. கல்லை இறக்குங்கப்பா."

"இறக்குங்க. என் கால் மேல இறக்குங்க" என்றாள் ரைட்டக்கா. நகரவில்லை.

கல் பதிக்கிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இந்த வழக்கெல்லாம் பழக்கம். எப்படியும் முடியும், அதற்குள் நூலாவது கட்டி வைப்போம் என்று மூலையில் போய்க் குந்தி உட்கார்ந்தார். பிழைப்பே தரையோடு தரையாகக் குந்துவதுதான் அவருக்கு. ஆணியை ஊன்றப் போனவர், கை நின்றது. தலையைச் சாய்த்தார். கன்னம் கிட்டத்தட்ட மண்ணில் படும் அளவுக்குத் தாழ்ந்து பார்த்தார்.

"அக்கா," என்றார், "இது பூரா முளைச்சிருக்கே."

"என்னது?"

"மேலேருந்து பாத்தா தெரியாதுக்கா. ஊசி மாதிரி நிக்குது. இங்கேருந்து பாருங்க, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு."

ரைட்டக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். இத்தனை நாளும் நிமிர்ந்தே பார்த்திருக்கிறாள். "என்னங்க, வெளிய வாங்க!" என்று கூப்பிட்டாள். ஒற்று சார் பதினாலு நாளுக்குப் பிறகு படியைத் தாண்டினார். அவர் தோளை ஒரு கையிலும் கேட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, முட்டி கடகடவென்று சத்தம் போட, அவள் நடைபாதையில் உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார். நடைபாதைக் கல்லில் கன்னத்தை வைத்தாள்.

முந்நூறு சதுர அடியும் பச்சை. நுனியில் மண்துகளைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் தலைமுடி கனம். ஒரு இடம் விடவில்லை. நிறுத்தங்கள் எதையும் காணோம்.

அவள் படுத்தபடியே, "சார், இங்க வாங்க" என்றாள்.

"எனக்கு இங்கேருந்தே தெரியுதும்மா. மண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றது பச்சைப் பொய்."

"பொய்யோ மெய்யோ, பச்சைன்னு ஒத்துக்கிட்டீங்களே. குனிஞ்சு பாத்துட்டு எழுதுங்க."

"ஆய்வுன்னா நின்னுதான் பாக்கிறது."

"எங்க எழுதியிருக்கு?" என்றார் ஒற்று சார்.

தலைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாத்தனார்தான் முதலில் வேலியைத் தாண்டி வந்தாள். அண்ணிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, தலையைத் தாழ்த்திப் பார்த்தாள். "அட, ஆமாம்" என்றாள். அப்புறம் ஐந்தாவது வீடு. ஒன்பதாவது வீடு. கொஞ்ச நேரத்தில் நடைபாதை நீளத்துக்கும் ஜனங்கள் மண்டி போட்டுக் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்தது லாரியும் தலைவரும்தான்.

கல் பதிக்கிறவர் நூலைச் சுருட்டினார். "சார், உயிரு வந்திருக்கு. நான் இது மேல கல்லு வைக்க மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கங்க."

தலைவர் அக்கம்பக்கம் பார்த்தார். இஸ்திரி கலையாத கால்சட்டையை முழங்காலில் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு, முதலில் ஒரு காலும், பிறகு இன்னொரு காலும் மடக்கினார். காலையில் தெளித்த தண்ணீரில் ஓரமெல்லாம் சேறு. தலையைச் சாய்த்தார். அவரும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தேடியிருப்பார்; ஒன்று போல் ஒன்று, எல்லாம் ஒரே உயரம். அரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

"எழுதுங்க" என்றாள் ரைட்டக்கா, கல்லில் கன்னத்தை வைத்தபடியே. "முன்புறம் முழுசும் பச்சைன்னு."

அவர் மண்டி போட்ட நிலையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து முழங்காலைத் தட்டினார். சேறு இன்னும் பரவியது. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"அடுத்த மாசம் மறுபடி வந்து பாப்பேன்மா. இதே மாதிரி இருக்கணும்."

"இதே மாதிரி இருக்காது. வளந்திருக்கும்" என்றாள் ரைட்டக்கா. "நீங்க தாராளமா வாங்க. வரும்போது பழைய கால்சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க."